எஸ்எஸ்ஹெச் கேள்வி பதில்: உறைந்த திரை, மாறிய சாவி, பாதியில் நின்ற லூப்

எஸ்எஸ்ஹெச் என்பது தொலைவில் இருக்கிற கணினிக்குள் நெட்வொர்க் வழியே பாதுகாப்பாக நுழைந்து வேலை செய்ய உதவும் கருவி. அதைப் பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும் இவை. கமாண்டுகளை உச்சரிப்பில்தான் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் அடிக்கும்போது எல்லாம் ஆங்கிலச் சின்ன எழுத்து. பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் தனியாகச் சொல்கிறேன்.

நெட் கொஞ்சம் தடுமாறினாலே டெர்மினல் உறைந்துவிடுகிறது. கண்ட்ரோல் சி-யும் வேலை செய்யவில்லை. விண்டோவையே மூடுவதுதான் வழியா?

வேண்டாம். கண்ட்ரோல் சி அந்தப் பக்கக் கணினிக்குப் போக வேண்டிய எழுத்து. வழியே அடைபட்டிருக்கும்போது அது எப்படிப் போய்ச் சேரும்? உங்கள் பக்கம் ஓடுகிற எஸ்எஸ்ஹெச் நிரலிடம் நேராகப் பேச வேண்டும். என்டர் தட்டி, டில்டா, அப்புறம் புள்ளி. அவ்வளவுதான், உடனே வெளியே வந்துவிடுவீர்கள். வரியின் முதல் எழுத்தாக வந்தால்தான் டில்டாவை அது கவனிக்கும், அதற்காகத்தான் முதலில் என்டர். ஒரு சர்வருக்குள் போய் அங்கிருந்து இன்னொன்றுக்குப் போயிருந்தால், டில்டாவை இரண்டு முறை அடித்துப் புள்ளி வைத்தால் உள்ளே இருக்கிற இணைப்பு மட்டும் அறுபடும்.

சும்மா விட்டுவைத்தாலே உறைகிறது என்றால், நடுவில் இருக்கிற ரௌட்டரோ ஃபயர்வாலோ பேச்சே இல்லாத இணைப்பை மறந்துவிடுகிறது என்று பொருள். உங்கள் பக்கத்து எஸ்எஸ்ஹெச்சின் கான்ஃபிக் (அமைப்பு) ஃபைலில் சர்வர்அலைவ்இன்டர்வல் 60 என்று ஒரு வரி சேருங்கள். 60 விநாடி மௌனமாக இருந்தால் உங்கள் பக்கமிருந்து ஒரு சின்னக் குரல் போகும்.

அந்த வரியைச் சேர்த்தேன். ஆனாலும் லேப்டாப்பை மூடினால் சர்வரில் ஓடிக்கொண்டிருந்த வேலை செத்துப்போகிறது.

அது வேறு விஷயம். இணைப்பு அறுந்ததும் சர்வரில் உங்கள் கமாண்டுகளை ஓட்டும் ஷெல்லுக்கு ஹேங்கப் சிக்னல் போகும், அதோடு வேலையும் நிற்கும். நீண்ட வேலை என்றால் டிமக்ஸுக்குள் ஓட்டுங்கள், இணைப்பு போனாலும் வேலையை உயிரோடு வைத்திருக்கும் நிரல் அது. சர்வருக்குள் போன பிறகு அதைத் தொடங்க வேண்டும், உங்கள் லேப்டாப்பில் தொடங்கிப் பயனில்லை. கண்ட்ரோல் பி, பிறகு டி அடித்தால் கழன்று வந்துவிடலாம். திரும்பப் போய் டிமக்ஸ் அட்டாச் என்றால் விட்ட இடத்திலேயே இருக்கும்.

“கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு”, “டைம்டு அவுட்” இரண்டும் ஒன்றுதானே? எப்படியும் உள்ளே விடவில்லை.

ஒன்றே இல்லை. ரெஃப்யூஸ்டு என்றால் பெரும்பாலும் கணினி வரை போய்விட்டீர்கள், அந்தப் போர்ட்டில் யாரும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. சர்வீஸ் ஓடுகிறதா, போர்ட் 22-தானா என்று பாருங்கள். டைம்டு அவுட் என்றால் பதிலே இல்லை: முகவரி தப்பு, கணினி அணைந்திருக்கிறது, அல்லது ஃபயர்வால் பாக்கெட்டை விழுங்குகிறது. “பெர்மிஷன் டினைடு” வந்தால் நெட்வொர்க்கைத் தொடவே வேண்டாம், சிக்கல் பயனர் பெயரிலோ சாவியிலோதான் (பாஸ்வேர்டுக்குப் பதிலாக உங்களை அடையாளம் காட்டும் ஃபைல்தான் சாவி). எதிலும் பிடிபடவில்லை என்றால் ஹைஃபன் வி சேர்த்து ஓட்டி, கடைசிப் பத்து வரியைப் படியுங்கள். அதை ஒட்டாமல் “வேலை செய்யவில்லை” என்று மட்டும் எழுதினால் நானும் ஊகிக்கத்தான் முடியும்.

சார், “டூ மெனி ஆதென்டிகேஷன் ஃபெயிலியர்ஸ்” என்கிறது. நான் பாஸ்வேர்டே அடிக்கவில்லை!

நீங்கள் அடிக்கவில்லை, உங்கள் சாவிகளை நினைவில் வைத்து உங்களுக்காக நீட்டும் ஏஜென்ட் என்ற நிரல் அடித்தது. அதில் ஏழெட்டுச் சாவிகள் இருந்தால் ஒவ்வொன்றாக நீட்டும். ஓப்பன்எஸ்எஸ்ஹெச் சர்வரில் இயல்பான வரம்பு 6. சரியான சாவியின் முறை வருவதற்குள் கதவு மூடிவிடுகிறது. கான்ஃபிக்கில் அந்த ஹோஸ்டுக்குரிய சாவியின் பெயரைக் கொடுத்து, ஐடென்டிட்டீஸ்ஒன்லி யெஸ் என்று சேருங்கள்.

“ஹோஸ்ட் ஐடென்டிஃபிகேஷன் மாறிவிட்டது” என்று பெரிய எச்சரிக்கை. நோன்ஹோஸ்ட்ஸ் ஃபைலையே அழித்துவிடலாமா?

கூடாது. அதில் மற்ற எல்லாச் சர்வர்களின் அடையாளமும் இருக்கிறது. முதலில் காரணம் தெரிய வேண்டும்: சர்வரைப் புதிதாக நிறுவினார்களா, அதே ஐபி வேறு கணினிக்குப் போய்விட்டதா? நிர்வாகியிடம் சர்வர் சாவியின் புதிய கைரேகையை (அதன் சுருக்க அடையாளத்தை) வேறு வழியில், போனிலாவது, கேட்டு ஒப்பிடுங்கள். பொருந்தினால் எஸ்எஸ்ஹெச்-கீஜென் ஹைஃபன் பெரிய ஆர், ஹோஸ்ட் பெயர். அந்தப் பழைய பதிவு மட்டும் போகும். காரணம் தெரியாமல் யெஸ் தட்டுவது, நடுவில் ஒருவர் உட்கார்ந்திருந்தால் அவருக்கு நாற்காலி போட்டுக் கொடுப்பது மாதிரி.

உள் நெட்வொர்க்தானே, டெல்நெட் போதாதா?

டெல்நெட்டும் தொலைவிலிருக்கிற கணினிக்குள் நுழையும் பழைய வழிதான், ஆனால் அதில் பாஸ்வேர்ட் அப்படியே வெறும் எழுத்தாகப் போகும். 1995-இல் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக நெட்வொர்க்கில் பாஸ்வேர்ட் ஒட்டுக்கேட்பு நடந்த பிறகுதான் டாட்டு யுலோனென் எஸ்எஸ்ஹெச்சை எழுதினார். அதுவும் உள் நெட்வொர்க்தான். ஒரு போர்ட் திறந்திருக்கிறதா என்று தட்டிப் பார்க்க டெல்நெட் நல்ல கருவி, அதோடு விடுங்கள்.

ஒரு ஃபைலில் இருபது சர்வர் பெயர்கள். ஃபைலை வரிவரியாகப் படிக்கும் வைல் ரீட் லூப்பில் ஒவ்வொன்றிலும் ஒரு கமாண்ட் ஓட்டினால் முதல் சர்வரோடு நின்றுவிடுகிறது. எரரும் இல்லை.

எனக்குப் பிடித்த கேள்வி இது. லூப் அந்த ஃபைலை ஸ்டாண்டர்ட் இன்புட் (நிரலுக்கு உள்ளீடு வருகிற வழி) வழியாகப் படிக்கிறது. உள்ளே ஓடுகிற எஸ்எஸ்ஹெச்சும் அதே இன்புட்டைத்தான் பார்க்கிறது. மிச்சமிருந்த பத்தொன்பது பெயர்களையும் அதுவே வாங்கி முதல் சர்வருக்கு அனுப்பிவிட்டது. லூப் திரும்பி வரும்போது படிக்க ஒன்றுமில்லை, வேலை முடிந்தது என்று நிம்மதியாக நின்றுவிடுகிறது. அதனால்தான் எரர் இல்லை. ஹைஃபன் என் சேருங்கள், எஸ்எஸ்ஹெச் இன்புட்டைத் தொடாது.

விண்டோஸில் பிளிங்க் வைத்து எழுதிய ஸ்கிரிப்ட் இரவில் ஓடும்போது தொங்கிவிடுகிறது.

பிளிங்க் என்பது பட்டி (PuTTY) என்ற எஸ்எஸ்ஹெச் நிரலின் கமாண்ட் வடிவம். ஹோஸ்ட் சாவியை நம்பலாமா என்று கேட்டுவிட்டு, பதில் சொல்ல ஆளில்லாமல் காத்திருக்கும். ஹைஃபன் பேட்ச் சேர்த்தால் கேட்காமல் பிழையோடு வெளியேறும், லாகிலாவது தெரியும். அப்புறம், அந்த ஸ்கிரிப்ட் எந்தப் பயனர் கணக்கில் ஓடுகிறதோ அதே கணக்கில் ஒருமுறை கையால் இணைந்து சாவியை ஏற்றுக்கொள்ளுங்கள். பட்டி சாவிகளைப் பயனர்வாரியாகத்தான் சேமிக்கிறது.