பழைய லாட்ஜை வீடுகளாகப் பிரித்து விற்கிறார்கள், வாங்கலாமா?

கேள்வி: நாகர்கோவில் நகர நடுவில் எண்பது ஆண்டுப் பழமையான லாட்ஜ் ஒன்றைச் சொந்த வீடுகளாக மாற்றி விற்கிறார்கள். கட்டடம் பார்க்க அழகாக இருக்கிறது. நம்பி வாங்கலாமா?

வாங்கலாம். ஆனால் தேக்குப் படிக்கட்டையும் முன்வராந்தாவையும் பார்த்து மயங்கி முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். குளியலறைத் தண்ணீர் எந்த வழியாகக் கீழே இறங்குகிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு கொடுங்கள். மணிமேடைக்கு நடந்து போகும் தொலைவில், இப்படி மாற்றப்பட்ட ஒரு கட்டடத்தில்தான் நான் ஆறு ஆண்டுகளாகக் குடியிருக்கிறேன்.

அந்தக் கட்டடத்தோடு எனக்கு வேறு உறவும் உண்டு. என் அப்பா குலசேகரத்துக்காரர். ஒரு நிலத் தகராறுக்காக நாகர்கோவில் நீதிமன்றத்துக்கு ஆண்டுக்கணக்கில் அலைந்தவர். நம் மாவட்டத்துக்கு ரயிலே 1979-ல்தான் வந்தது. அதற்கு முன் எல்லாம் பஸ்தான். காலையில் வழக்கு என்றால் முந்திய நாள் மாலையே வந்து அந்த லாட்ஜில் படுத்துக்கொள்வார். கோட்டாறுச் சந்தைக்கு வரும் வியாபாரிகளும் அங்கேதான் தங்குவார்கள். அப்பா வழக்கமாகத் தங்கிய மாடி அறை இன்று என் வீட்டின் பாதி. கதவு நிலையில் 14 என்ற எண் இன்னும் இருக்கிறது. வார்னிஷ் அடிக்க வந்த ஆசாரியிடம் அதை மட்டும் தொடவேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

லாட்ஜ் அறை ஓர் இரவுக்கானது. அங்கே யாரும் சமைப்பதில்லை, மாவாட்டுவதில்லை, துணி துவைத்து உலர்த்துவதில்லை. குளியலறைகூட வராந்தாவின் கோடியில் பொதுவாகத்தான் இருந்தது. வீடாக மாற்றும்போது பன்னிரண்டு வீட்டுக்கும் தனித்தனியே கழிவறையும் சமையலறையும் வேண்டும். அவற்றை அதுவரை ஈரமே படாத தளத்தின்மேல் வைக்கிறார்கள். அந்தத் தளம் கான்கிரீட் அல்ல. தேக்கு உத்திரங்கள், அவற்றின்மேல் நெருக்கி அடுக்கிய செங்கல், அதற்குமேல் சுண்ணாம்புச் சாந்து: மெட்ராஸ் டெரஸ் என்பார்களே, அது. உத்திரத்தின் முனை சுவருக்குள் புதைந்திருக்கும் இடத்தில் ஈரம் ஏறினால், வெளியே ஒன்றும் தெரியாமல் உள்ளேயே உளுத்துப்போகும்.

எங்களுக்கு அதுதான் நேர்ந்தது. குடிவந்த இரண்டாம் ஆண்டு ஐப்பசியில், கீழ்வீட்டு அக்கா வந்து என்னைக் கையைப் பிடித்து அழைத்துப்போய்த் தன் சமையலறைக் கூரையைக் காட்டினார். என் குளியலறைக்கு நேர் கீழே, தட்டு அகலத்துக்குக் கறை. பெயர்த்துப் பார்த்தபோது, கழிவுநீர்க் குழாயைச் சுவரைக் குடைந்து செருகி, இணைப்பில் வெறும் சிமென்டை அப்பியிருந்தார்கள். மாற்றிக் கட்டியவரோ, "பழைய கட்டடம் என்றால் அப்படித்தான்" என்றார். அந்தச் சொல்தான் எனக்கு ஆறவில்லை. ஒக்கிப் புயலில் மாவட்டமே மரங்களை இழந்து இருளில் கிடந்தபோதும் அசையாமல் நின்ற கட்டடம் அது. ஒழுகியது இரண்டு வயதுக் குழாய்.

சுவரையும் தட்டிப் பாருங்கள். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவர் ஈரத்தை உறிஞ்சி, வெயில் வந்ததும் வெளியே விட்டுவிடும். அதன்மேல் சிமென்டைப் பூசிப் பளபளப்பான பெயின்டை அடித்தால் ஈரம் உள்ளே அடைபட்டு, உப்புப் பூத்து, பூச்சு பொரிந்து விழும். நமக்கு ஆனி ஆடியில் தென்மேற்கு, ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்கு என்று இரண்டு மழை. சுவர் காயக் கிடைக்கும் நாள்களே குறைவு. பத்மநாபபுரம் அரண்மனையின் மரமும் சுண்ணாம்பும் இதே இரண்டு மழையில்தான் நூற்றாண்டுகளாக நிற்கின்றன. ஆகவே பழுதுபார்க்க வருபவருக்குச் சுண்ணாம்பு வேலை தெரியுமா என்பதே முதல் கேள்வி.

இரண்டு அறைக்கு நடுவே சுவரை எடுத்து ஹால் ஆக்கியிருந்தால், மேலே இரும்பு உத்திரம் கொடுத்திருக்கிறார்களா, அதற்குக் கட்டுமானப் பொறியாளரின் வரைபடம் இருக்கிறதா என்று கேளுங்கள். தூண் இல்லாத கட்டடத்தில் சுவர்தான் பாரத்தைத் தாங்குகிறது.

பத்திரங்களைப் பொறுத்தவரை, தாய்ப்பத்திரமும் வில்லங்கச் சான்றும் வக்கீல் பார்ப்பார். நீங்கள் கவனிக்கவேண்டியது நிலத்தில் உங்களுக்கு வரும் பிரிபடாத பங்கு. கட்டடத்துக்கு வயதாகிவிட்டது, நாளை எது மிஞ்சினாலும் அந்தப் பங்குதான் மிஞ்சும். 2022-ஆம் ஆண்டின் தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டப்படி, மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் இசைந்தால் இடித்துப் புதிதாகக் கட்டலாம். நிலம் 500 சதுர மீட்டரையும், அதாவது ஏறக்குறைய 12 சென்ட்டையும், வீடுகள் எட்டையும் தாண்டினால், ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி, அதற்கான ஆணையத்தில் பதிவு செய்யாமல் விற்க முடியாது. பழைய கட்டடத்தைப் புதுப்பிப்பதுதானே என்று விற்பவர் சொல்லக்கூடும். விற்பனை நோக்கம் இல்லாத புதுப்பிப்புக்குத்தான் பதிவிலிருந்து விலக்கு. ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் பத்து சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கவும் அந்தச் சட்டம் இடம் தருவதில்லை. ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் கட்டுமானக் குறை தெரிந்தால், எழுத்தில் தெரிவியுங்கள். முப்பது நாளில் விற்றவர் தன் செலவிலேயே சரிசெய்து தரவேண்டும். எனக்கு இது தெரிந்திருந்தால், அன்று அந்தப் பதிலைக் கேட்டுவிட்டுப் பேசாமல் திரும்பியிருக்கமாட்டேன்.

நியூயார்க்கில் 1907-ல் திறந்த பிளாசா ஹோட்டலை 2005-ல் மூடி, ஒரு பகுதியைச் சொந்த வீடுகளாக்கி 2008-ல் திறந்தார்கள். மறுபகுதி ஹோட்டலாகவே இருப்பதால் அங்கே வராந்தா துடைக்க ஆள் உண்டு. நம் ஊரில் அந்த வேலை குடியிருப்போர் சங்கத்தின் தலையில் விழும். மாதப் பராமரிப்புத் தொகையைக் குறைத்துச் சொல்லும் இடத்தில் எச்சரிக்கையாக இருங்கள்.

வீட்டை வெயில் நாளில் காட்டுவார்கள். நீங்கள் மழை பெய்து ஓய்ந்த மறுநாள் இன்னொரு முறை போங்கள். நீங்கள் வாங்கப்போகும் வீட்டைவிட, அதற்குக் கீழே உள்ள வீட்டின் கூரையை அதிக நேரம் பாருங்கள்.

நானும் கீழ்வீட்டு அக்காவும் செலவைப் பாதிப்பாதியாகப் போட்டு, உளுத்த உத்திரத்தை மாற்றினோம். இப்போது எங்கள் கழிவுநீர்க் குழாய் பின்சுவருக்கு வெளியே இறங்குகிறது. கண்ணுக்கு அழகில்லைதான். ஆனால் மூன்று ஆண்டு மழைக்குப் பிறகும் அவருடைய சமையலறைக் கூரை காய்ந்தே இருக்கிறது.