கிரியேட்டினின் 1.9, ஸ்கேனில் ‘சிறுநீரகங்கள் நார்மல் அளவு’. எதை நம்புவது?

இரண்டையும் நம்பலாம். சிறுநீரகம் ரத்தத்திலிருந்து வெளியேற்றும் கழிவான கிரியேட்டினின், அதன் வேலைத்திறனைக் காட்டுகிறது. அல்ட்ராசவுண்ட் பார்ப்பது உருவத்தை. நாள்பட்ட நோயின் ஆரம்பத்தில் ஸ்கேன் முழுக்க நார்மலாகவே இருக்கலாம்.

முதலில் நீளத்தைப் பாருங்கள். பெரியவர்களுக்கு ஏறக்குறைய 9 முதல் 12 செ.மீ.; இடது பக்கம் சற்றே நீளம். குள்ளமானவர்களுக்கும் வயதானவர்களுக்கும் கொஞ்சம் குறைவாக இருக்கும். இரண்டுமே 8 செ.மீ.க்குச் சுருங்கி, வெளிப்பகுதியான கார்ட்டெக்ஸும் மெலிந்திருந்தால் பாதிப்பு பழையது என்று தெரியும். இரண்டுக்கும் 1.5 செ.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் ரத்தக்குழாய்ச் சுருக்கம் உண்டா என்று டாப்ளரில் (ரத்த ஓட்டத்தைக் காட்டும் ஸ்கேன்) பார்ப்பார்கள். ஆனால் சர்க்கரை நோயில் சிறுநீரகம் கெட்ட பிறகும் அளவு குறையாமல் இருக்கும், சிலருக்குப் பெரிதாகவும் இருக்கும். உங்களுக்குச் சர்க்கரை இருந்தால் ‘நார்மல் அளவு’ என்ற வரியை வைத்து நிம்மதி அடையாதீர்கள்.

அடுத்தது ‘எக்கோஜெனிசிட்டி கூடியிருக்கிறது’ என்ற வரி, அதாவது ஸ்கேன் படத்தில் சிறுநீரகம் வழக்கத்தைவிட வெளுத்துத் தெரிகிறது. வலது சிறுநீரகத்தின் வெளிச்சத்தைப் பக்கத்திலுள்ள கல்லீரலோடு ஒப்பிட்டுத்தான் இதை எழுதுகிறார்கள். கொழுப்புக் கல்லீரல் என்றால் கல்லீரலே வெளுத்துத் தெரியும். அப்போது கெட்ட சிறுநீரகமும் நல்லதுபோலத் தோன்றும். கண்ணால் மதிப்பிடுவது என்பதால் ஒரு சென்டரில் ‘கிரேட் 1’, இன்னொன்றில் ‘கிரேட் 2’ என்று வந்தால் நோய் முற்றிவிட்டதாக அர்த்தமில்லை.

நான் தவறவே விடக்கூடாது என்று சொல்வது ‘ஹைட்ரோநெஃப்ரோசிஸ்’, அதாவது சிறுநீர் தேங்கிச் சிறுநீரகம் வீங்குவது. கல்லோ புராஸ்டேட் வீக்கமோ காரணமாக இருந்து, அடைப்பைச் சீக்கிரம் நீக்கினால் இழந்த திறனில் ஒரு பகுதியாவது திரும்பலாம். சிறுநீர்ப்பை நிரம்பியிருந்தாலே லேசான வீக்கம் தெரியலாம்; சிறுநீர் கழித்தபின் மறுபடி பார்க்கச் சொல்லுங்கள்.

கல்லீரலுக்குச் செய்வதுபோல எலாஸ்டோகிராஃபியில் (உறுப்பின் விறைப்பை அளக்கும் ஸ்கேன்) தழும்பை அளக்க முடியாதா என்றும் பலர் கேட்கிறார்கள். சிறுநீரகத்தில் ரத்த ஓட்டம் மாறினாலே விறைப்பும் மாறுகிறது. கருவி பிடிக்கும் கோணமும் ஆழமும்கூட எண்ணை மாற்றும். அதனால் அதை வைத்து இன்னும் சிகிச்சையை முடிவு செய்வதில்லை. எம்ஆர்ஐ பரம்பரை நீர்க்கட்டி நோயில் உண்மையிலேயே கைகொடுக்கிறது: சிறுநீரகத்தின் மொத்தக் கன அளவை வயது, உயரத்தோடு சேர்த்துப் பார்த்து, நோய் எவ்வளவு வேகமாகப் போகும் என்று கணிக்கலாம்.

உங்களுக்கு இப்போது தேவை இஜிஎஃப்ஆரும் (சிறுநீரகம் ரத்தத்தை வடிகட்டும் வேகத்தின் மதிப்பீடு) சிறுநீரில் அல்புமின் என்ற புரதத்துக்கும் கிரியேட்டினினுக்கும் உள்ள விகிதமும். விகிதம் 30 மி.கி./கிராமுக்கு மேல், அல்லது இஜிஎஃப்ஆர் 60க்குக் கீழ் என மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால், ஸ்கேன் நார்மலாக இருந்தாலும் அது நாள்பட்ட சிறுநீரக நோய்தான். பழைய கிரியேட்டினின் ரிப்போர்ட் ஏதாவது இருந்தால் தேடி எடுத்து, சிறுநீரக மருத்துவரிடம் சீக்கிரம் காட்டுங்கள். சில நாட்களில் ஏறிய கிரியேட்டினின் என்றால் மூன்று மாதம் காத்திருக்கக் கூடாது.