பழைய கார் வாங்கலாமா? கேள்வி–பதில்

கேள்வி: 2009 மாருதி 800, நாகப்பட்டினம் வண்டி. எஞ்சின் அருமையாக ஓடுகிறது. வாங்கலாமா? (திருவாரூர் வாசகர்)

எஞ்சினை அப்புறம் பார்க்கலாம். 796 சிசி, மூன்று சிலிண்டர். எந்த மெக்கானிக்கும் பிரித்துப் பூட்டிவிடுவார். கடற்காற்றில் நின்ற வண்டி துருப்பிடிக்கும்; அதற்குத் தரைதான் முக்கியம். கால்மிதியைத் தூக்கி ஸ்குரூடிரைவர் பிடியால் தட்டுங்கள். கதவுக்குக் கீழேயும் தட்டுங்கள். கணீரென்று கேட்டால் தகரம். மொத்தென்று கேட்டால் துருவை மறைக்கப் பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். அங்கே காந்தமும் சரியாக ஒட்டாது. 15 வருடம் தாண்டிய வண்டி என்பதால் எஃப்.சி. (தகுதிச் சான்று) எடுத்து ஆர்.சி. (பதிவுச் சான்று) புதுப்பித்தாயிற்றா என்றும் கேளுங்கள்.

கேள்வி: அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். ஆர்.சி. இன்னும் பார்க்கவில்லை. வேறு எதைக் கவனிக்க வேண்டும்? (மன்னார்குடி)

ஆர்.சி.யை.

கேள்வி: ரேடியேட்டருக்கு போர் தண்ணீரே போதும் என்கிறார் மெக்கானிக். கூலன்ட் வீண் செலவா? (வேதாரண்யம்)

இந்தப் பேச்சைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். உங்கள் ஊர் போர் தண்ணீரைக் கொதிக்கவைக்கும் பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிறதே, ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களுக்குள்ளும் அதுதான் படிகிறது. கூடவே துரு. அடைத்துக்கொண்டு வண்டி சூடானதும், அதே மெக்கானிக், சூட்டுக்கேற்பத் தண்ணீர் ஓட்டத்தைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வீசிவிட்டு “இனிமே சூடாகாது சார்” என்பார். எஞ்சின் சரியான சூட்டுக்கு வராமல் பெட்ரோலைக் குடிக்கும். அடைப்போ அப்படியே இருக்கும். ஒருநாள் எஞ்சினின் மேல்பாகத்துக்கு அடியிலுள்ள ஹெட் கேஸ்கெட் போகும். “நம்மூரில் ஏது பனி?” என்று கேட்பவர்களுக்கு: கூலன்ட் உறையாமல் இருக்க மட்டும் இல்லை. கொதிநிலையை உயர்த்தும், துருவைத் தடுக்கும். கெட்டியான கூலன்ட் என்றால் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரோடு பாதிக்குப் பாதி. ரெடிமேடாகக் கலந்தது என்றால் அப்படியே ஊற்றுங்கள். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்காதீர்கள்.

கேள்வி: கமிஷன் கடையில் வாங்கி ஆறு மாதம். சீட் பெல்ட்டை முழுக்க இழுத்தால் கடைசியில் வண்டல் கோடு. வெள்ளத்தில் மூழ்கிய வண்டியாம். ஏமாந்துவிட்டேனே! (மயிலாடுதுறை)

ஏமாற்றினார்கள் என்று சொல்லுங்கள். சீட்டுக்கு அடியிலுள்ள துருப்பிடித்த போல்ட்டுகளையும் சேர்த்துப் படம் எடுங்கள். மெக்கானிக்கிடம் எழுதி வாங்குங்கள். பழைய இன்சூரன்ஸ் கிளெய்ம் விவரம் கேளுங்கள். கடைக்கு நோட்டீஸ் அனுப்புங்கள். மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்; இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. வழிகாட்ட 1915 என்ற உதவி எண் இருக்கிறது. ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

கேள்வி: அறுவடை நேரத்தில் வண்டிக்கு அடியில் கருகல் வாடை. (நீடாமங்கலம்)

ரோட்டில் காயப்போட்ட வைக்கோல் சைலன்சரில் சுற்றியிருக்கும். தீப்பிடிக்கும். உடனே நிறுத்தி, குனிந்து பாருங்கள்.

கேள்வி: வீட்டிலேயே ஆயில் மாற்ற மலிவாக எந்த ஜாக் வாங்கலாம்? (பாபநாசம்)

எதுவானாலும் ஜாக்கை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள். தூக்கிய வண்டியைத் தாங்கும் ஸ்டாண்டு ஒரு ஜோடி வேண்டும். நான் மலிவாக வாங்கிய ஜாக், தூக்கிய வண்டியைத் தானே மெல்ல இறக்கிவிடும். இப்போது கோழிக்கூண்டுக் கதவுக்கு முட்டாக நிற்கிறது. நம் களிமண் தரையில் ஸ்டாண்டும் புதையும். அடியில் கனமான பலகை போடுங்கள்.