விரும்பிப் போனவர்களுக்குச் சிறை எதற்கு?

கேள்வி: இலங்கைத் தோட்டங்களுக்குப் போன தமிழர்கள் பிஜி, மொரிசியஸ் போனவர்களைப் போல ஐந்து வருட ஒப்பந்தத்தில் கைநாட்டு வைக்கவில்லை. தோட்டத்துக்கு ஆள் சேர்த்து வேலை வாங்கும் மேஸ்திரியான, தெரிந்த கங்காணியை நம்பி, விரும்பித்தான் போனார்கள். ஏமாற்றியதும் கங்காணிதான். இதில் வெள்ளைக்காரனை ஏன் இழுக்கிறீர்கள்?

பதில்: கைநாட்டு விஷயம் சரி. இலங்கையில் மாதக் கணக்கு வேலைதான்; ஒரு மாத நோட்டீஸ் கொடுத்துவிட்டு யாரும் கிளம்பலாம் என்று சட்டமே சொன்னது. தங்கள் கூலிகள் சுதந்திரமானவர்கள் என்று துரைமார், அதாவது தோட்டங்களை நடத்திய வெள்ளைக்காரர்கள், பெருமை பேசியதும் இதை வைத்துத்தான்.

விருப்பமும் இருந்தது, மறுக்கவில்லை. சொந்த ஊரில் பண்ணையாளாகக் கிடந்தவர், 1876–78 தாது வருடப் பஞ்சத்தில் கஞ்சிக்கு வழியில்லாதவர், அங்கிருந்து தப்பிக்க விரும்பாமல் இருப்பாரா? தோட்டத்துக்குப் போனவர்களில் பெரும்பகுதி ஒடுக்கப்பட்ட சாதியினர் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். மன்னாரில் இறங்கி, காட்டு வழியாக மலைநாட்டு மாத்தளைக்கு நடந்தார்கள். காலராவில் வழியிலேயே செத்தவர்கள் ஏராளம்.

சேர்ந்தவர் நோட்டீஸ் கொடுத்துவிட்டுக் கிளம்பினார் என்றே வைத்துக்கொள்வோம். எங்கே போவார்? ஊர்க்கடனை அடைக்கக் கொடுத்த முன்பணம், பயணச் செலவு, வழிச்சாப்பாடு, மலைக்குளிருக்குக் கொடுத்த கம்பளி எல்லாம் அவர் பேரில் பற்று எழுதியாகிவிட்டது. அரிசியும் சம்பளத்தில் பிடித்தம். எடுத்த தேயிலைக் கொழுந்து நிறையில் குறைந்தால் அன்றைக்கு அரைப்பேர்தான், அதாவது பாதிச் சம்பளம். மிச்சமிருக்கும் காசும் பல தோட்டங்களில் கங்காணி கை வழியாகத்தான் வரும், அதுவும் மாதக்கணக்கில் தாமதமாக. இதில் கடன் எப்படி அடையும்?

அடுத்த தோட்டத்தில் சேரலாமே என்பீர்கள். அதற்குத்தான் ‘துண்டு’. இன்ன தொகையைக் கட்டினால் இந்த ஆட்களை விடுவிக்கிறேன் என்று பழைய துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. அது இல்லாமல் இன்னொரு துரை சேர்க்கமாட்டார். புதுத் துரை பணத்தைக் கட்டினால் கடன் தீராது, இடம் மாறும், அவ்வளவுதான். பெரும்பாலும் கங்காணி கூடுதலாக ஒரு முன்பணம் வாங்கிக்கொள்வார். அதுவும் தொழிலாளி தலையில்தான் விழும்.

நோட்டீஸும் இல்லாமல், துண்டும் இல்லாமல் ஓடிப்போனால்? 1865-ஆம் வருடத்து 11-ஆம் இலக்கச் சட்டம் இருந்தது. வேலையை விட்டு ஓடுவது அதன்படி கிரிமினல் குற்றம், சிறைக்கே அனுப்பலாம். விரும்பி வந்தவரைப் பிடித்து வைக்கச் சிறை எதற்கு என்பதற்கு உங்களிடம் பதில் உண்டா?

இப்போது கங்காணிக்கு வருகிறேன். அவர் யோக்கியர் என்று சொல்லவில்லை. தன் ஆட்களில் எத்தனை பேர் வேலைக்கு வந்தார்களோ, தலைக்கு இத்தனை என்று அவருக்குத் தனிக்காசு உண்டு. காய்ச்சலில் கிடப்பவரையும் லயத்திலிருந்து, அதாவது தொழிலாளர் குடியிருப்பு வரிசையிலிருந்து, இழுத்துவந்து பிரட்டில், அதாவது காலை ஆள் கணக்கெடுப்பில், நிறுத்த இது ஒன்று போதாதா? ஆனால் ஊருக்கு ஆள் பிடிக்கப் போனபோது அவர் மடியில் இருந்த முன்பணம் யாருடையது? தோட்டத்துடையது. துண்டில் கையெழுத்து துரையுடையது, சட்டம் அரசாங்கத்துடையது. பழி மட்டும் கங்காணிக்கு என்றால், அது துரைமாருக்கு ரொம்ப வசதியான கணக்கு.

துண்டு முறையை 1921-இல்தான் சட்டம் போட்டு ஒழித்தார்கள். அதற்குச் சில வருடங்கள் முன்பு, பின்னாளில் தோட்டத் தொழிற்சங்கத் தலைவரான தஞ்சாவூர்க்காரர் கோ. நடேசய்யர் இலங்கைக்குப் போனபோது, தோட்டத் தொழிலாளர் நிலையை நேரில் பார்க்க விரும்பினார். வெளியாள் தோட்டத்துக்குள் கால் வைத்தால் அத்துமீறல் வழக்கு. அதனால் அவர் புடவை வியாபாரி வேடம் போட்டுக்கொண்டுதான் உள்ளே நுழைந்தார். சுதந்திரமான தொழிலாளியோடு பேசுவதற்குப் புடவை மூட்டை எதற்கு என்று துரைமாரைத்தான் கேட்கவேண்டும்.