புதிய இசையைத் தனியே ஒதுக்காதீர்கள்

உங்கள் பியானோ கச்சேரியில் இடைவேளைக்குப் பிறகு இருபதாம் நூற்றாண்டு இசையமைப்பாளர் லிகெட்டியைத் தொடங்கியதும் பாதி அரங்கு எழுந்து போய்விட்டது, அடுத்த கச்சேரியில் வெறும் பதினெட்டாம் நூற்றாண்டு பாஹ் மட்டும் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து லிகெட்டியை விட்டுவிடாதீர்கள். பழையது முதல் பாதி, புதியது இரண்டாம் பாதி என்று பிரித்ததுதான் கோளாறு. கிளம்ப நினைப்பவர்களுக்கு இடைவேளை திறந்துவைத்த கதவு.

லிகெட்டி 1951 முதல் 1953 வரை எழுதிய ‘மூசிகா ரிசெர்காட்டா’ என்ற பியானோத் தொகுப்பின் முதல் துண்டையே கச்சேரியின் தொடக்கமாக வையுங்கள். ஏ என்ற ஒரே சுரம் அடித்தளத்திலிருந்து உச்சிவரை தாவித் தாவி வேகமெடுக்கும். முடிவில்தான் டி என்ற இன்னொரு சுரம் வரும். அந்த டி ஒலிக்கும்போது கையை எடுக்காதீர்கள், பெடலையும் விடாதீர்கள். கைதட்டலுக்கு இடம் தராமல், அது அடங்கும் நேரத்தில் அதே டி சுரத்தை ஆதாரமாகக் கொண்ட பாஹின் டி மைனர் குரோமாட்டிக் ஃபேண்டசியைத் தொடங்குங்கள். ஏங்கவைத்த சுரத்துக்கு அங்கே வீடு கிடைக்கும். இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கிறது.

முடிவுக்கு அதே தொகுப்பின் 11ஆவது துண்டு. பன்னிரண்டு சுரங்களும் வரும் அது, பாஹுக்கு முந்தைய இத்தாலிய இசையமைப்பாளர் ஃப்ரெஸ்கோபால்டிக்குக் காணிக்கை. அதற்குச் சற்று முன், அவருடைய 1635ஆம் ஆண்டு ‘ஃபியோரி முசிகாலி’ என்ற இசை நூலிலிருந்து குரோமாட்டிக் ரிசெர்கார் என்ற துண்டை வாசியுங்கள். ஆர்கனுக்கு எழுதியதுதான், ஆனால் பியானோவில் நன்றாகவே நிற்கும். அந்த நூலின் பிரதி ஒன்று பாஹிடமே இருந்தது. மேடையில் இதை இரண்டு வரியில் சொல்லுங்கள், அதற்குமேல் விளக்கம் வேண்டாம்.

நடுவில் என்ன வைக்கப் போகிறீர்கள்? பட்டியலை எழுதினால் சேர்ந்து பார்க்கலாம்.