லெட்ரோசோல் சாப்பிடும்போது முடி மெலிந்தால், நகம் பிளந்தால்…

கேள்வி: எனக்கு வயது 56. மார்பகப் புற்றுநோய் அறுவை சிகிச்சைக்குப் பிறகு ஒன்றரை வருடமாக லெட்ரோசோல் சாப்பிடுகிறேன். வகிடு அகலமாகிக்கொண்டே போகிறது. நகம் ஏடு ஏடாகப் பிரிகிறது, காலில் ஒரே அரிப்பு. பயோட்டின் வைட்டமின் சாப்பிடலாமா? மாத்திரையை நிறுத்திப் பார்க்கலாமா?

பதில்: நீங்களாக மாத்திரையை நிறுத்த வேண்டாம். நோய் திரும்பாமல் காப்பது அதுதான். தாங்க முடியாவிட்டால் புற்றுநோய் மருத்துவரிடம் சொல்லுங்கள். அதே வகையில் வேறு மாத்திரைக்கு மாற்றிப் பார்க்கலாம்.

லெட்ரோசோல் உடலில் ஈஸ்ட்ரோஜன் உற்பத்தியை வெகுவாகக் குறைத்துவிடும். அதனால்தான் தோல் வறள்கிறது, நகம் பிளக்கிறது, முன்னந்தலையிலும் உச்சியிலும் முடி மெலிகிறது. கீமோவில் போல மொத்தமாகக் கொட்டுவது அபூர்வம்.

ஆனால் பழியை எல்லாம் மாத்திரை மேல் போடுவதற்கு முன் ஃபெரிட்டின் (உடலில் உள்ள இரும்புச்சத்து இருப்பு), தைராய்டு இரண்டையும் ரத்தப் பரிசோதனையில் பாருங்கள். பயோட்டின் இங்கேதான் வம்பு செய்யும். அது ரத்தத்தில் இருந்தால் தைராய்டு அளவு தப்பாகக் காட்டலாம், மாரடைப்பைக் கண்டுபிடிக்கும் ட்ரோபோனின் பரிசோதனைகூடக் குழம்பலாம். பயோட்டின் குறைபாடு இல்லாதவருக்கு அதனால் முடி வளரும் என்பதற்குச் சரியான ஆதாரமும் இல்லை. என்னைக் கேட்டால், அந்தக் காசுக்கு முட்டையும் பயறும் வாங்கலாம்.

முடிக்கு ஓரளவு பலன் தருவது தலையில் தடவும் 5 சதவீத மினாக்ஸிடில் மருந்து. மருத்துவரிடம் கேட்டுவிட்டு, உலர்ந்த தலையில் வகிடு பிரித்து, முடியில் அல்ல, தோலில் படும்படி தடவுங்கள். முதல் சில வாரம் கூடுதலாக உதிரலாம், பயந்து விட்டுவிடாதீர்கள். பலன் தெரிய நாலைந்து மாதம் ஆகும், நிறுத்தினால் பலனும் போய்விடும். அப்புறம், வீட்டில் பூனை இருந்தால் கவனம். அதற்கு இது விஷம்.

காலுக்கு: வெந்நீரும் கடலை மாவும் வேண்டாம். வெதுவெதுப்பான நீரில் குளித்து, ஈரம் காய்வதற்குள் 10 சதவீத யூரியா க்ரீம் பூசுங்கள். சொறிந்து புண்ணான இடத்தில் எரியும், அங்கே வெறும் வாசலின் போதும்.

படுக்கும்போது நகத்துக்கும் அதே க்ரீம். பாத்திரம் தேய்க்கும்போது கையுறை போடுங்கள். அசிட்டோன் கலந்த ரிமூவர் வேண்டாம்.

அறுவை சிகிச்சையில் அக்குளின் நெறிக்கட்டியை (நிணநீர் முடிச்சு) அகற்றியிருந்தால் அந்தப் பக்கக் கையின் நகக்கண் தோலை வெட்டாதீர்கள், பார்லரிலும் வெட்ட விடாதீர்கள். அந்தக் கை சிவந்து, சூடாகி, வீங்கினால் அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள்.