டெட்ராய்ட்டும் தொழிற்சங்கமும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

2023 டெட்ராய்ட் கார் தொழிலாளர் வேலைநிறுத்தம் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்தேன். மிச்சிகனில் பதினோரு வருடமாக வடிவமைப்புப் பொறியாளராக இருக்கிறேன். 2009-ல் கார் கம்பெனிகள் திவாலான சரிவை நான் பார்க்கவில்லை. பார்த்தவர்களோடு தினமும் மதியச் சாப்பாடு சாப்பிடுகிறேன். எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: மணிக்கு 70 டாலர் வாங்கிய தொழிலாளியும், வேலை இல்லாத நாளுக்கும் சம்பளம் வாங்கித்தந்த சங்கமும் சேர்ந்து கம்பெனியைக் கவிழ்த்தார்கள். தொழில் கொழிக்கும்போது சங்கம் கேட்கட்டும். தொழிலே தள்ளாடும்போது சங்கம் எதற்கு?

எஸ்., ஃபார்மிங்டன் ஹில்ஸ்

அன்புள்ள எஸ்.,

சாப்பாட்டு மேசைப் பேச்சை நான் ஒதுக்குவதில்லை, பாதி உண்மை அங்கேதான் கிடைக்கும். ‘ஜாப்ஸ் பேங்க்’ இருந்தது உண்மை. லே-ஆஃப் ஆனவர்கள் ஓர் அறையில் உட்கார்ந்து பொழுதைப் போக்கிவிட்டு ஏறத்தாழ முழுச் சம்பளம் வாங்கினார்கள். அதற்கு வக்காலத்து வாங்க எனக்கு மனமில்லை. கார் தொழிலாளர் சங்கமான யுஏடபிள்யூவின் முன்னாள் தலைவர்கள் இருவர் சங்கப் பணத்தில் கோல்ஃப், சுருட்டு, வில்லா என்று வாழ்ந்து ஜெயிலுக்குப் போனதை நீங்கள் சொல்லவில்லை. நானே சேர்த்துக்கொள்கிறேன்.

ஆனால் அந்த 70 டாலரை யாரும் வீட்டுக்குக் கொண்டுபோனதில்லை. பழைய தொழிலாளியின் மணிக்கூலி சுமார் 28 டாலர். மிச்சத்தில் அவருடைய காப்பீடும் ஓய்வூதியமும் போக, என்றோ ஓய்வுபெற்றுவிட்ட லட்சக்கணக்கானவர்களின் செலவும் இருந்தது. அதை இன்று உற்பத்தி லைனில் நிற்பவரின் மணிக்கணக்கில் வகுத்துப் போட்டார்கள். டொயோட்டாவின் கென்டக்கி ஆலை 1988-ல்தான் ஓடத் தொடங்கியது. அங்கே ஓய்வுபெறும் வயதுக்கே அதிகம் பேர் வந்திருக்கவில்லை, அதனால் அதன் கணக்கில் அந்தச் சுமை இல்லை.

சோம்பேறித் தொழிலாளி என்ற பேச்சுக்கு ஃப்ரீமாண்ட் போதும். கலிஃபோர்னியாவில் ஜெனரல் மோட்டார்ஸுக்கு (ஜிஎம்) இருந்த அந்த ஆலையில் ஐந்தில் ஒருவர் வேலைக்கே வரமாட்டார். சில திங்கட்கிழமை காலைகளில் ஆள் இல்லாமல் லைனை ஓட்ட முடியாது. கோபம் வந்தவர்கள் கதவுப் பலகைக்குள் கோக் பாட்டிலைப் போட்டு மூடிவிடுவார்கள். கார் வாங்கியவர் அது எங்கே கடகடக்கிறது என்று தேடிக்கொண்டே காலம் தள்ள வேண்டியதுதான். 1982-ல் மூடினார்கள். 1984-ல் டொயோட்டாவும் ஜிஎம்மும் கூட்டாகத் திறந்தபோது பழைய ஆட்களையே எடுக்க வேண்டும் என்று சங்கம் நின்றது. டொயோட்டா தயங்கித்தான் சம்மதித்தது. பதிலுக்கு, உயிரைக் கொடுத்துக் காத்துவந்த, இன்ன வேலையை இன்னார்தான் செய்யலாம் என்ற வேலைப் பிரிவுகளைச் சங்கம் விட்டுக்கொடுத்தது. எண்பது சொச்சம் பிரிவுகள் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கின. ஆட்குறைப்புக்கு முன்னால் மேலாளர்கள் தங்கள் சம்பளத்தைக் குறைத்துக்கொள்வார்கள் என்று நிர்வாகம் எழுதிக்கொடுத்தது. பழுது கண்டால் யார் வேண்டுமானாலும் கயிற்றை இழுத்து லைனை நிறுத்தலாம். அதே ஆட்கள், அதே சங்கம். ஒன்றிரண்டு வருடத்தில் ஜப்பான் ஆலைக்குச் சமமான தரத்தில் கார் வந்தது. பின்னர் விற்பனை சரிந்தபோது, ஒருவரையும் வெளியே அனுப்பாமல் பயிற்சி வகுப்பில் உட்கார வைத்தார்கள்.

எல்லா ஊரிலும் இது நடந்துவிடவில்லை. லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் வான் நைஸில் ஜிஎம் இதையே முயன்றபோது சங்கத்துக்குள்ளேயே எதிர்ப்பு, மேலாளர்களும் மாறவில்லை. அந்த ஆலை 1992-ல் போயிற்று.

தொழில் தள்ளாடும்போது சங்கம் எதற்கு என்கிறீர்கள். அப்போதுதான் எல்லோர் சார்பிலும் ஒருவர் “குறைத்துக்கொள்கிறோம்” என்று கையெழுத்துப் போட வேண்டியிருக்கிறது. 2007-ல் புதிதாகச் சேர்பவர்களுக்கு ஏறத்தாழ பாதிக் கூலி என்று யுஏடபிள்யூ ஒப்புக்கொண்டது. 2009-ல் பஞ்சப்படி நின்றது, ஜாப்ஸ் பேங்க் ஒழிந்தது. ஓய்வுபெற்றவர்களின் மருத்துவ நிதிக்கு ரொக்கத்துக்குப் பதிலாக ஒரு பகுதி கம்பெனிப் பங்காக வந்தது, புதிய ஜிஎம்மில் 17.5 சதவீதம். ஜிஎம்மிலும் கிறைஸ்லரிலும் 2015 வரை ஊதியத்துக்காக வேலைநிறுத்தம் இல்லை என்றும் எழுதிக்கொடுத்தார்கள். பாதிக் கூலிக்கு ஒப்புக்கொண்டது தவறு என்றே இன்றும் நினைக்கிறேன். ஒரே போல்ட்டை முடுக்கும் இருவரில் ஒருவருக்குப் பாதிச் சம்பளம் என்றால் அடுத்த கூட்டத்தில் எப்படி ஒன்றாக உட்காருவார்கள்? ஆனால் எதைக் கொடுத்தோம் என்பது தாளில் இருந்தது. 2023-ல் அந்தத் தாளைக் காட்டித்தான் பஞ்சப்படியைத் திரும்ப வாங்கினார்கள், நாலரை வருட ஒப்பந்தத்தில் 25 சதவீத உயர்வோடு.

நீங்கள் பொறியாளர் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். டெல்ஃபை உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஜிஎம்மின் உதிரிபாகப் பிரிவு, 1999-ல் தனிக் கம்பெனியாகி 2005-ல் திவாலுக்குப் போனது. தலைமையகம் அப்போது உங்கள் பக்கத்து ட்ராய் நகரில்தான் இருந்தது. 2009-ல் அதன் ஓய்வூதியத் திட்டங்களை அரசுக் காப்பீட்டு நிறுவனம் எடுத்துக்கொண்டபோது தொகை வெட்டுப்பட்டது. யுஏடபிள்யூ தொழிலாளிகளுக்கு அந்தக் குறையை ஜிஎம் ஈடுகட்டியது, பிரிந்துபோகும்போதே சங்கம் அப்படி எழுதி வாங்கியிருந்தது. பொறியாளர்கள், கணக்கர்கள், மேற்பார்வையாளர்கள் என்று மாதச் சம்பளக்காரர்கள் சுமார் 20,000 பேர். அவர்களுக்குச் சங்கமும் இல்லை, ஒப்பந்தமும் இல்லை. சிலருக்கு ஓய்வூதியத்தில் 70 சதவீதம் வரை போயிற்று. பத்து வருடத்துக்கு மேல் வழக்காடினார்கள். 2022 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை விசாரிக்கவே மறுத்துவிட்டது.

உங்களோடு சாப்பிடுபவர்களில் டெல்ஃபையில் இருந்தவர் யாராவது உண்டா? இருந்தால் அவர் என்ன சொல்கிறார் என்று எழுதுங்கள்.

அன்புடன்